மடக்குக் கூரையோடு முதல் வாரம்

நாள் 1: முதுகில் ஏற்றினோம்

பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. தானாக வரவில்லை. ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டி, என் பிக்கப்பின் முதுகில் ஏற்றி, ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்தோம்.

என்ன பெட்டி என்று கேட்பவர்களுக்கு: பாப்-அப் டிரக் கேம்பர். பிக்கப்பின் பின்தொட்டிக்குள் போய் உட்காரும் குட்டி வீடு. அதற்கென்று சக்கரமோ எஞ்சினோ கிடையாது. ஓடும்போது கூரை படிந்து கிடக்கும். நின்றபிறகு உள்ளிருந்து தள்ளினால் கூரை இரண்டடி மேலே எழும்பும். அந்த இரண்டடிக்கும் தடித்த துணிதான் சுவர். டிரைவர் சீட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் படுக்கை. கீழே அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ், இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. அவ்வளவுதான்.

மடக்காத, கெட்டிச் சுவரோடு நிற்கும் கேம்பர்களும் உண்டு. குளிருக்கு அவைதான் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் உயரமும் எடையும் கூடுதல். வளைவில் திரும்பும்போது வண்டி சாய்வது வயிற்றைக் கலக்கும். இது மடங்கிக் கிடக்கும்போது பிக்கப்பின் கேபினைவிட ஒன்றிரண்டு சாண்தான் உயரம். என் வண்டி தாங்குவது இதைத்தான்.

விற்ற இடத்தில் ஒரு பையன் நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். கேஸ் வால்வு இங்கே, ஃபியூஸ் அங்கே, தண்ணீர் வடிக்கும் குழாய் கீழே. நானும் இவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தோம். வீடு வந்து சேர்வதற்குள் முக்கால்வாசி மறந்துவிட்டது. நல்லவேளை, இவர் செல்போனில் வீடியோ எடுத்திருந்தார். பாதி வீடியோவில் பையனின் முதுகுதான் தெரிகிறது.

ஏற்றும் கதை இதுதான். பெட்டியின் நான்கு மூலையிலும் நான்கு ஜாக்கி. அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பெட்டியைத் தொட்டியின் உயரத்துக்கு மேலே தூக்க வேண்டும். ஒரே மூலையை விறுவிறுவென்று ஏற்றக்கூடாது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, நான்கையும் வலம் வந்தபடியே ஏற்ற வேண்டும். முன்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தால் நல்லது, பின்பக்கம் உயரக்கூடாது. பிறகு தொட்டியின் பின்கதவைக் கழற்றிவிட்டு, நான்கு கால்களுக்கும் நடுவே வண்டியைப் பின்னால் விட வேண்டும்.

வண்டி என்னுடையது, ஓட்டுவது நான். கை காட்டுவது இவர். இருபக்கமும் நான்கு விரல் இடைவெளி.

“வா, வா, வா... அப்படியே வா.”

“அப்படியேன்னா எப்படிங்க? இடமா, வலமா?”

“நேரா வா.”

“நேராத்தானே வந்துட்டிருக்கேன்!”

“இல்ல, இப்ப கோணலா இருக்க.”

ஐந்து தடவை முன்னால் போய்ப் பின்னால் வந்த பிறகு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். இனி “வா” என்ற சொல்லே கிடையாது. டிரைவர் பக்கம், மறுபக்கம், நில்: மூன்றே சொற்கள். அதோடு, கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை என்றால் நான் நின்றுவிடுவேன். ஆறாவது தடவை உள்ளே போய்விட்டது.

பெட்டி தொட்டியில் இறங்கி உட்காரும்போது வண்டி ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி பின்பக்கம் தாழ்ந்தது. தொட்டியில் முன்கூட்டியே தடித்த ரப்பர் பாய் விரித்திருந்தோம். இரும்பின் மேல் நேராக உட்கார்ந்தால் பெட்டி நகரும். பிறகு பெட்டியின் அடியில் இருக்கும் சின்னச் சின்ன ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தொட்டியில் இருக்கும் வளையத்தோடு நான்கு முறுக்குக் கொக்கிகளால் கட்ட வேண்டும். இதற்கு டர்ன்பக்கிள் என்று பெயர்: நடுவில் இருக்கும் உடலைத் திருகினால் இரு முனையின் மரையும் உள்ளே இழுத்து இறுகும். கையால் இறுகும்வரை இறுக்கி, அதற்கு மேல் கொஞ்சம், பிறகு பூட்டு நட்டு. ஆசைப்பட்டு ஸ்பேனர் போட்டு முறுக்கினால் தொட்டியின் தகடே வளைந்துவிடுமாம்.

முழங்கை இரண்டும் சிராய்த்துவிட்டது. தூங்கப்போகிறேன்.

நாள் 2: வாசலிலேயே ஒத்திகை

ஒரு விஷயம் முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் இடங்களின் பெயர் வராது. ஏரி, மலை, மணல்வெளி என்றுதான் எழுதுவேன். இது பெட்டியைப் பற்றிய நாட்குறிப்பு.

காலையில் முதல் வேலை எடை மேடை. போன வாரமே டேங்க் நிறைய எண்ணெயோடு வெறும் வண்டியை எடை போட்டு வைத்திருந்தேன். இன்று அதேபோல் டேங்கை நிரப்பிக்கொண்டு பெட்டியோடு ஏறினேன். வித்தியாசம் 590 கிலோ. விற்பனைத் தாளில் போட்டிருந்தது 500. ஏமாற்று வேலை இல்லை. அந்த 500 என்பது பேட்டரி, கேஸ் சிலிண்டர், சோலார் பலகை, ஜாக்கி எதுவும் சேராத வெறும் கூட்டின் எடை. பொடி எழுத்தில் அதைச் சொல்லியும் இருந்தார்கள்.

என் வண்டியின் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது: ஆட்களும் சுமையும் சேர்த்து 840 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஆட்களும் என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். நாங்கள் இருவரும் 138. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 76 லிட்டர், அதாவது 76 கிலோ. பாத்திரம், போர்வை, துணிமணி, கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து 60 என்று வைத்துக்கொண்டேன். கூட்டினால் 864.

24 கிலோ அதிகம்.

இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். “நான் வேணா நடந்து வரட்டுமா?” என்றார். கடைசியில் தண்ணீரைப் பாதி மட்டும் நிரப்புவது, போகும் இடத்தில் பிடித்துக்கொள்வது என்று முடிவு. 826. மடக்கு நாற்காலியில் ஒன்றைக்கூட இறக்க வேண்டியதில்லை. ஆனால் இனி இந்த வீட்டுக்குள் எது வந்தாலும் கிலோக் கணக்கில்தான் வரும்.

எடை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி ஒட்டியிருக்கிறார்கள். எடையின் மையம் அது. அது பின்அச்சுக்கு நேராகவோ கொஞ்சம் முன்னாலோ இருக்க வேண்டும். பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது. எங்களுக்கு நான்கு விரல் முன்னால் இருந்தது. பின் டயருக்கு மட்டும் காற்றை ஏற்றிக்கொண்டேன்.

பிறகு வாசலிலேயே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டிக்கு முதலில் ஒரு குளியல்: லிட்டருக்கு 1 மில்லி கணக்கில் மணமில்லாத பிளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் வரும்வரை ஓடவிட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, வாசம் போகும்வரை அலசினோம். புதுத் தொட்டியின் பிளாஸ்டிக் வாடை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

ஹீட்டரை வாசலிலேயே ஒருமுறை ஓட்டிவிடுங்கள் என்று அந்தப் பையன் சொன்னதை வீடியோவில் பார்த்தேன். நல்ல காலம். புது ஹீட்டரில் தயாரிப்பின்போது பூசிய எண்ணெய் எரிந்து, அரை மணி நேரம் ஒரே புகை நாற்றம். புகை அலாரம் அலறித் தெருவே எட்டிப் பார்த்தது. இது நடுராத்திரியில் மலை மேலே நடந்திருந்தால்?

அலாரங்கள் மூன்று. புகைக்கு ஒன்று, கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று, கேஸ் கசிவுக்கு ஒன்று. கேஸ் அலாரம் மட்டும் முழங்காலுக்குக் கீழே, தரையோடு தரையாக இருக்கிறது. “ஏதோ தப்பாப் பொருத்திட்டாங்க போல” என்றார் இவர். தப்பில்லை. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில்தான் தேங்கும்.

கூரை தூக்குவது பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. வெளியே ஆறு கொக்கிகளைக் கழற்ற வேண்டும். உள்ளே போய், இரு முனையிலும் இருக்கும் மடிப்புப் பலகையை, ஒரு முனை முதலில், மறுமுனை பிறகு என்று தள்ள வேண்டும். சோலார் பலகையும் சேர்ந்து கூரை கனக்கிறது. கையால் தள்ளினால் நகராது. பெஞ்சின் மேல் ஏறி, தோளைக் கொடுத்து, முழங்காலிலிருந்து எழுந்தால், “டக்” என்று பலகை நிமிர்ந்து பூட்டிக்கொள்கிறது. திடீரென்று வெளிச்சம், திடீரென்று உயரம். நிமிர்ந்து நிற்க முடிகிறது! இரண்டு பேரும் சும்மா நின்றுகொண்டு சிரித்தோம்.

இவர் ஒரு தாளில் புறப்படும்போது செய்ய வேண்டியதை எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார். ஆறு வரி. 1) கேஸ் வால்வு மூடு. 2) ஜன்னல்கள். 3) ஃபிரிட்ஜ் கொக்கி. 4) கூரை விசிறி மூடு. 5) கூரை கொக்கி ஆறு. 6) படி உள்ளே.

நாள் 3: ஏரிக்கரை

கிளம்பிவிட்டோம். இப்போது ஏரிக்கரையில் இருந்து எழுதுகிறேன்.

வண்டி ஓட்டும் அனுபவம் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. முதல் பத்து கிலோமீட்டர் முதுகில் யாரோ உட்கார்ந்திருக்கும் நினைப்பிலேயே ஓட்டினேன், பிறகு பழகிவிட்டது. பிரேக் பிடித்தால் நிற்க நேரம் எடுக்கிறது, அதற்கேற்ப முன்வண்டியை விட்டுத் தள்ளி ஓட்ட வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் முன்னும் பின்னுமாக ஒரு ஆட்டம். நடுக்கண்ணாடியில் பெட்டியின் முன்சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாது, அதை மறந்துவிடலாம். மொத்த உயரத்தை அளந்து ஒரு துண்டுத் தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன். பாலத்தின் கீழே நுழையும்போது மனக்கணக்கு போட நேரம் இருக்காது.

80 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி டர்ன்பக்கிளைத் தொட்டுப் பார்த்தேன். நான்கில் இரண்டு தளர்ந்திருந்தன, ஒன்று முழுச் சுற்றே திரும்பியது. பெட்டி ரப்பர் பாயில் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான். மறுபடி இறுக்கினேன். இதை யாராவது செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டதும் எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் கண் சிமிட்டுவது போல் விளக்கடித்தார்கள். எனக்குப் பெருமை. புதுப் பெட்டியைப் பார்த்து வாழ்த்துகிறார்களாக்கும் என்று நினைத்தேன். நான்காவது ஆள் விளக்கடித்தபோதுதான் உறைத்தது: பின்பக்கம் தாழ்ந்ததால் என் ஹெட்லைட் மேலே தூக்கி அவர்கள் கண்ணில் அடிக்கிறது. ஓரம் கட்டி, விளக்கைத் தாழ்த்தும் திருகை இரண்டு படி இறக்கினேன். அதன் பிறகு ஒருவரும் வாழ்த்தவில்லை.

இடம் சாய்வு. சாய்ந்த தரையில் படுத்தால் ராத்திரி முழுக்க ஒருவர் மேல் ஒருவர் உருளுவோம். தரையில் ரசமட்டம் வைத்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஏற்றினேன். தலைப்பக்கம் ஒரு விரல் உயரம் இருக்கிற மாதிரி விட்டுவிட்டேன்.

டீ போட்டோம். ஏரியில் அசைவே இல்லை. சரி, நாளை பார்ப்போம்.

நாள் 4: டுர்ர்ர்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். “டுர்ர்” என்று ஒரு சத்தம். ஒரே ஒரு நொடி. கண்ணை மூடினேன். இருபது நிமிடம் கழித்து மறுபடி “டுர்ர்”.

“ஏங்க, முழிச்சிருக்கீங்களா?”

“தவளை. ஏரி பக்கத்துல இருக்கில்ல. தூங்கு.”

தவளை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கணக்காகக் கத்துமா? மூன்றாவது தடவை எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீர்ப் பம்பு! குழாயைத் திறந்தால் உள்ளே அழுத்தம் குறையும், உடனே பம்பு ஓடி அழுத்தத்தை ஏற்றும். குழாயையே திறக்காதபோது பம்பு ஓடுகிறது என்றால் தண்ணீர் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

பம்பு சுவிட்சை அணைத்துவிட்டு, நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, சிங்க்குக்கு அடியில் தலையை விட்டேன். ஒரு கை நுழையும் இடம். டிஷ்யூ தாளைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைத் தாள் காட்டிக்கொடுக்கும். முதல் இணைப்பு காய்ந்திருந்தது, இரண்டாவதும். மூன்றாவதில், குழாய்க்கு ஏறும் வெள்ளை பிளாஸ்டிக் நட்டின் அடியில், தாள் சட்டென்று கறுத்தது. நட்டின் விளிம்பில் ஒரு துளி உருண்டு தொங்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

கையால் திருகினேன், கால் சுற்று திரும்பியது. அவ்வளவுதான். இன்று காலை நட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, கோணலாக உட்கார்ந்திருந்தது. தட்டி நேராக்கி மாட்டிவிட்டேன். இதிலும் ஸ்பேனர் கூடாது, பிளாஸ்டிக் மரை சிதைந்துவிடும்.

புதுப் பொருளில் ஏன் ஒழுக வேண்டும் என்று இவருக்குக் கோபம். யோசித்துப் பார்த்தால், பட்டறையில் மாட்டிய நட்டு, சாலையில் வந்த முதல் குலுக்கலுக்கே தளரத்தான் செய்யும். ஓடும் வீடு ஆயிற்றே. இன்று முழுக்க ஒரு திருப்புளியோடு ஒவ்வொரு அலமாரிக் கீலையும் திருகிக்கொண்டே போனேன். பதினோரு திருகு தளர்ந்திருந்தது.

பட்டியலில் ஏழாவது வரி: பம்பு சுவிட்ச் அணை. தூங்கும்போதும், கிளம்பும்போதும். ஓடும் வண்டியில் குழாய் விட்டுப்போனால் பம்பு தொட்டி காலியாகும்வரை இறைக்கும்.

நாள் 5: மலைமேல்

ஏறிவிட்டோம். 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. இங்கே தண்ணீர் 90 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடுகிறது, டீயில் சாயம் இறங்க மறுக்கிறது. இரண்டு மடங்கு நேரம் ஊறவிட்டால் குடிக்கலாம்.

சிக்னல் போகிறது, வருகிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன். வெளியே இப்போதே கை விறைக்கிறது.

நாள் 6: ஈரமும் ஒரு பூஜ்யமும்

காலையில் வெளியே மைனஸ் 4. படுக்கையில் நன்றாகத்தான் தூங்கினோம். ஹீட்டர் ஓடியது, நின்றது, ஓடியது. துணிச்சுவர் குளிரைத் தடுக்காது என்று எல்லாரும் சொன்னார்கள், உண்மைதான். துணிக்கு உள்பக்கம் மாட்டும் மெத்தைத் திரையை முன்னதாகவே வாங்கியிருந்தோம், அது இல்லாமல் இந்த உயரத்துக்கு வந்திருக்கக் கூடாது.

ஆனால் ஈரம்! விழித்தவுடன் என் நெற்றியில் ஒரு துளி. கூரையின் அலுமினியச் சட்டம் முழுக்க வியர்த்திருந்தது. மெத்தையைத் தூக்கினால் அடியில் பலகை பளபளவென்று ஈரம். ராத்திரி படுக்கப்போகும் முன்பு குளிருக்குப் பயந்து கூரை விசிறியையும் ஜன்னலையும் இறுக்கி மூடிவிட்டு, அடுப்பில் தண்ணீர் வேறு சுடவைத்திருந்தோம். அதுதான் வினை. 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். எரிந்ததைவிட அதிகமா என்று சந்தேகம் வேண்டாம், காற்றிலிருக்கும் ஆக்சிஜன் சேர்கிறதல்லவா? அதற்கு மேல் கொதிக்கும் தண்ணீரின் ஆவி, எங்கள் இருவர் மூச்சு. போக வழியில்லாத ஈரம் குளிர்ந்த உலோகத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டது.

ஹீட்டர் அப்படியில்லை, அதன் புகை தனிக் குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது, உள்ளே வருவது உலர்ந்த சூடு. ஆக, குளிருக்கு ஹீட்டர், சமையலுக்கு மட்டும் அடுப்பு. அடுப்பு எரியும்போது ஜன்னல் ஒன்றும் கூரை விசிறியும் திறந்தே இருக்க வேண்டும். இது ஈரத்துக்காக மட்டும் இல்லை. மூடிய பெட்டிக்குள் அடுப்பை மூட்டிக் குளிர் காய்ந்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே முடித்துவிடும். ராத்திரியும் விசிறியை ஒரு விரல் அளவு திறந்துவைத்துப் படுக்கப்போகிறோம்.

துடைத்து முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. சோலார் எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்தேன். பூஜ்யம். பலகை மேல் நேர் வெயில், நிழல் கிடையாது, பேட்டரியில் 58 சதவீதம்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே போவது பூஜ்யம்.

ஃபியூஸைப் பார்த்தேன். வயரை ஆட்டினேன். இவர் கூரைமேல் ஏறி இரவு விழுந்த பனித்தூளைத் துடைத்தார். பூஜ்யம். வண்டியை ஸ்டார்ட் செய்து அதிலிருந்தாவது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. புதுப் பேட்டரி போச்சு என்றே முடிவுகட்டி, விற்றவர்களுக்கு என்ன எழுதலாம் என்று மனதுக்குள் கடிதமே தயாராகிவிட்டது.

அப்புறம்தான் கையேட்டை எடுத்தேன். எங்களுடையது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. உறைநிலைக்குக் கீழே அதிலிருந்து கரண்ட் எடுக்கலாம், உள்ளே ஏற்றக்கூடாது. ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுப்போகும். அதனால் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டே வாசலை அடைத்துவிடுகிறது. பேட்டரி இருப்பதோ வெளிச்சுவரை ஒட்டிய அறையில், ராத்திரி முழுக்கக் குளிரில். பழுது ஒன்றும் இல்லை.

உள்பக்கத்திலிருந்து அந்த அறையின் கதவைத் திறந்துவைத்து ஹீட்டரை ஓட்டினோம். பத்தரை மணிக்கு மீட்டரில் முதலில் 2 ஆம்பியர், கொஞ்ச நேரத்தில் 7. இவர் கூரையிலிருந்து இறங்கி வந்து, “நான் துடைச்சதாலதான்” என்றார். இருக்கட்டும்.

மாலையில் மலையிறங்கி மணல்வெளிக்கு வந்துவிட்டோம். ஆள் நடமாட்டம் இல்லை, மரமும் இல்லை. கொஞ்சம் காற்று.

நாள் 7: கொஞ்சம் காற்று

நேற்று எழுதிய கடைசி இரண்டு சொற்களைப் படித்துச் சிரிப்பு வருகிறது.

நள்ளிரவு தாண்டி துணிச்சுவர் படபடக்க ஆரம்பித்தது. ஒருமணிக்குப் படபடப்பு இல்லை, அடி. யாரோ ஈரத்துணியை எடுத்துக் காதருகே கல்லில் அறைவது மாதிரி. வண்டியே ஸ்பிரிங்கில் ஆடியது. சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று வண்டியைக் காற்றுக்குப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தேன். நிமிர்ந்த கூரை பாய்மரம் மாதிரி காற்றை வாங்குகிறது. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்தினால் அடி பாதியாகும். ஆனால் திருப்ப வேண்டும் என்றால் கூரையை இறக்க வேண்டும்.

“இறக்கித்தான் ஆகணுங்க.”

“விடிஞ்சா நின்னுடும்.”

அந்த நேரம் பார்த்து ஒரு அடி, சட்டமே கிறீச்சிட்டது. மறுபேச்சில்லாமல் எழுந்தார்.

அவசரத்தில் இரண்டு தப்பு. கூரை இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். கூரை விசிறி திறந்திருக்க வேண்டும், அல்லது கதவு. மணல் வருகிறது என்று இரண்டையும் மூடிவிட்டிருந்தோம். காற்று போக வழியில்லாமல் துணி பலூன் மாதிரி வெளியே புடைத்தது. இருட்டில் அதைக் கவனிக்காமல் நான் கொக்கியைப் போட்டுவிட்டேன், துணி நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. மறுபடி கொக்கியைக் கழற்றி, இவர் உள்ளிருந்து கூரையைத் தோளால் தூக்கிப் பிடிக்க, நான் வெளியே நின்று துணியை உள்ளே திணித்தேன். வாயெல்லாம் மணல். தலைமுடி கண்ணை மறைக்கிறது. “முடிஞ்சுதா?” என்று உள்ளிருந்து குரல். “இன்னும் ஒரு பக்கம்!” “சீக்கிரம்மா, தோள் போகுது!”

வண்டியைத் திருப்பி நிறுத்தி மறுபடி கூரையைத் தூக்கினோம். வித்தியாசம் உடனே தெரிந்தது. துணி முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது, அடி இல்லை. நாலரை வரை தூங்கினோம்.

காலையில் பார்த்தால் துணியில் கொக்கி கடித்த தடம், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. கிழியவில்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், உள்ளே வரவில்லை. இருந்தாலும் ஏழே நாள் வயதான துணியில் முதல் வடு. கோடு தெரியும் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

பட்டியல் இப்போது பதினான்கு வரி. பத்தாவது: இறக்கும் முன் கூரை விசிறி திற, இறங்கிய பின் மூடு. நாலாவது வரியை அடித்துவிட்டோம்.

நாள் 8: இறக்கம்

வீடு. பட்டியலைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் செய்தோம். வாசலில் முதலில் கூரையைத் தூக்கி இரண்டு மணி நேரம் காயவிட்டோம். மடித்த துணி ஈரத்தோடு இருந்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். தண்ணீர்த் தொட்டியை வடித்தாயிற்று. ஃபிரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்துவைத்தாயிற்று. கேஸ் வால்வு மூடியாயிற்று.

நான்கு டர்ன்பக்கிளையும் கழற்றினேன். இந்தத் தடவை முழங்கை சிராய்க்கவில்லை. நான்கு ஜாக்கியையும் இறக்கி, வலம் வந்து வலம் வந்து தூக்கினோம். பெட்டி தொட்டியிலிருந்து எழும்ப எழும்ப வண்டியின் பின்பக்கம் மெல்ல நிமிர்ந்தது. ஒரு கை அகலம் இடைவெளி வந்ததும் வண்டியில் ஏறினேன். இவர் முன்னால் நின்று, புது ஒப்பந்தப்படி, “டிரைவர் பக்கம்” என்றார். நகர்த்தினேன். “நேர்” என்றார். நேர் என்ற சொல் ஒப்பந்தத்தில் இல்லை, பரவாயில்லை. பாதித் தொட்டி வெளியே வந்திருக்கும்.

“நில்! நில் நில் நில்!”

நின்றேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். வண்டியிலிருந்து பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் கறுப்பு வயர், ஒரு முனை தொட்டியில், மறுமுனை பெட்டியின் வயிற்றில், நடுவில் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. இன்னும் ஒரு சாண் போயிருந்தால் பிளக்கைச் சுவரோடு பிய்த்திருப்பேன். இல்லையென்றால் பெட்டியையே ஜாக்கியிலிருந்து இழுத்திருப்பேன்.

ஒரு விரலால் தட்டினேன். “டொய்ங்” என்றது.

வண்டியைப் பின்னால் விட்டு, வயரைத் தளர்த்திப் பிளக்கைக் கழற்றினேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பேனாவோடு வந்து, கதவில் இருந்த தாளில் பதினைந்தாவது வரியை எழுதினார். எழுத இடம் இல்லாததால் ஓரத்தில் பக்கவாட்டாக எழுத வேண்டியிருந்தது.